கோட்டை மேல் போட்ட பந்தி

சத்துணவு அத்தை எப்போது சாப்பிடுவார்?

எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் ஆகப்போகிறது. இந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. என் கணவருக்குத் தெரியாது. அத்தையோடு கூடப் பிறந்த என் மாமனாருக்கே தெரியாது. ஆனால் பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை இருக்கிற அத்தனை பேரும் எப்போது சாப்பிட்டார்கள், எப்போது சாப்பிடவில்லை என்பது அத்தைக்குத் தெரியும். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். சாப்பிட்டவர்கள், இன்னும் சாப்பிடாதவர்கள். சாதி, கட்சி, படிப்பு, பதவி எல்லாம் அதற்குப் பிறகு.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் அது எங்களுக்கே தெரிந்தது. அரியலூர் பக்கம், சிமெண்ட் லாரிகள் ஓயாமல் போகும் சாலையோரத்தில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர். இப்போது குரும்பலூரில் தனியாக இருக்கிறார். என் மாமனாரின் தங்கை, கணவருக்கு அத்தை, முறைப்படி எனக்கு என்ன வேண்டும் என்று யோசித்தால் தலை சுற்றும். ஊரே அத்தை என்றுதான் கூப்பிடுகிறது. நானும் அப்படியே கூப்பிடுகிறேன், என் ஐந்து வயது மகள் இனியாவும் அப்படியே.

அந்தச் சாலையோரச் சமையல் அவருக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருந்தது. லாரி வந்தால் புழுதி பறக்கும், சோற்றுச் சட்டியை மூடவேண்டும். லாரி போனதும் திறக்க வேண்டும். ஓய்வு பெற்றுவிட்டாலும் கை ஓய்வு பெறவில்லை. பெரிய வண்டிச் சத்தம் எது கேட்டாலும் பக்கத்தில் இருக்கிற பாத்திரத்தை மூடிவிடுவார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் யாரோ ஒருவரின் இட்லித் தட்டை அத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் பயந்துபோய், "என்னங்க, எதாச்சும் விழுந்துடுச்சா?" என்றார். "பஸ்ஸு போவட்டும் தம்பி" என்றார் அத்தை.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் பாதிப் படங்களில் ஒரு கை மட்டும் இருக்கும். அது அத்தையின் கை. மணப்பெண் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று எப்படியோ மோப்பம் பிடித்து, மேடைக்குப் பின்னாலிருந்து எனக்கு இட்லி ஊட்டிக்கொண்டே இருந்தார். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெரிய மனிதர் பரிசோடு வந்து படத்துக்கு நின்றபோது, என் வாய் முழுக்க இட்லி. அவருக்குச் சரியாக ஒரு வணக்கம்கூடச் சொல்ல முடியவில்லை. அது மரியாதைக் குறைவாகப் போயிற்றோ என்று இப்போதும் அடிக்கடி யோசிப்பேன்.

சரி, கப்பலுக்கு வருகிறேன்.

என் கணவருக்குப் பெரம்பலூரில் சிமெண்ட் கடை. நன்றாக விற்பனை செய்த டீலர்களைக் கம்பெனி குடும்பத்தோடு வெளிநாடு கூட்டிப்போகும். இந்த முறை கப்பல் பயணம் என்றார்கள். ஐரோப்பாக் கடலோரமாக ஊர் ஊராக நிற்கும் பெரிய சுற்றுலாக் கப்பல். எங்களுக்கு ஐந்து இடம். என் மாமியார் கப்பல் என்றதுமே கட்டிலைப் பிடித்துக்கொண்டார். "கொள்ளிடத்துல தண்ணி வந்தாலே எனக்குக் கிறுகிறுங்குது, என்னையக் கடல்ல கொண்டுபோயி எறக்கப் பாக்குறீங்களா?" என்றார். மாமியார் இல்லாமல் மாமனார் டவுனுக்குக்கூடப் போகமாட்டார். "அப்ப அத்தையக் கூட்டிக்குவோம்" என்றார் கணவர். என் அம்மாவைக் கூப்பிடலாமே என்று எனக்குத் தோன்றியது. அதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அத்தைக்குப் பாஸ்போர்ட்டே வந்துவிட்டது, மிச்சமிருந்த ஓர் இடமும் வேறு டீலருக்குப் போய்விட்டது.

என் கவலை எல்லாம் இனியாவைப் பற்றித்தான். அவள் சாப்பிடமாட்டாள். "எல்லாக் குழந்தையும் அப்படித்தான்" என்று சொல்லாதீர்கள், எல்லோரும் அதையே சொல்கிறார்கள். எல்லாக் குழந்தையும் அப்படி இல்லை. இவள் வாயை மூடினால் பூட்டுப் போட்ட மாதிரி. டாக்டர் எடை பார்க்கும்போது எனக்குத்தான் மார்க் போடுகிறார்கள் என்று தோன்றும். 'கொஞ்சம் கவனிங்கம்மா' என்று அவர் சாதாரணமாகத்தான் சொல்வார். அந்தக் 'கொஞ்சம்' ஒரு வாரம் என்னைத் தூங்க விடாது.

கப்பலில் சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. ஒரு தளம் முழுக்க உணவுதான். எங்கள் கூட்டத்துக்கென்று கம்பெனி சமையல்காரர்களையும் ஏற்றியிருந்தது. இட்லி, சாம்பார், ரசம், எல்லாம் இருந்தது. இனியா எதையும் தொடவில்லை. ரொட்டியின் நடுப்பகுதியைப் பிய்த்து, அதிலும் பாதியை எனக்கே திருப்பித் தருவாள். நான் கிண்ணமும் ஸ்பூனுமாக நீச்சல் குளத்தைச் சுற்றி அவள் பின்னால் ஓடுவேன். இரண்டாம் நாளே வெயில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் என்னைப் பார்த்துக் கையசைக்க ஆரம்பித்தார்கள். தினமும் உடற்பயிற்சி செய்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அத்தை நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏம்புள்ள காயத்ரி, இன்னும் எத்தனை சுத்து?"

"அத்த, ஒரு வாய்கூட வாங்கலத்த."

"என் கூடத்துல ஒரு புள்ள பின்னாடியும் நான் ஓடுனதில்ல."

"எப்படித்தான் சாப்பிட வெச்சீங்க?"

"ஓடிட்டுத் திரும்பி வந்தா மத்த புள்ளைங்க சட்டியக் காலி பண்ணியிருக்கும். அதான் ஓடல."

இதில் எனக்கு என்ன உதவி இருக்கிறது, சொல்லுங்கள்.

அவரும் சும்மா இருக்கவில்லை. உணவுக்கூடத்தில் அவித்த முட்டை வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுவார். சத்துணவில் ஆளுக்கு ஒரு முட்டை. அந்தச் சட்டம் ஸ்பெயின் கடலிலும் செல்லும் என்பது அவர் எண்ணம். ஆறடி உயரத்தில் ஒருவர் தட்டில் மூன்று முட்டைகளை எடுத்து வைத்தார். "ஆளுக்கு ஒண்ணு!" என்று ஒரு அதட்டல். அவருக்குத் தமிழ் தெரிய வாய்ப்பில்லை. ஆனாலும் இரண்டு முட்டைகளைத் திரும்ப வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு நகர்ந்தார். கப்பல் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அத்தையின் கை பக்கத்துத் தட்டை மூடும். மறுநாளே பரிமாறும் பையன்கள் அவருக்கு ஒரு வெள்ளைத் தொப்பியும் கரண்டியும் கொடுத்துவிட்டார்கள். சண்டை போடுவதைவிட அது சுலபம் என்று நினைத்திருப்பார்கள்.

நான் அப்போது கேட்டேன். "நீங்க சாப்ட்டீங்களா அத்த?"

"எல்லாரும் ஆவட்டும்" என்றார்.

எப்போது கேட்டாலும் அதே பதில்தான்.

அடுத்த நாள் ஸ்பெயினில் ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றது. ஊரை ஒட்டினாற்போல் மொட்டையாக ஒரு மலை, அதன் உச்சியில் பழைய கோட்டை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும், யாருக்காகவும் கப்பல் நிற்காது என்று எங்கள் கூட்டத்தின் மேனேஜர் மைக்கில் சொன்னார். பழைய ஊர்ச் சந்துகளில் பிக்பாக்கெட் அதிகம், கப்பல் அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் துறைமுகத்துக்குள்ளேயே விடமாட்டார்கள் என்றும் சொன்னார். நான் உடனே போனில் மூன்றரைக்கு ஓர் அலாரமும், மூன்றே முக்காலுக்கு இன்னோர் அலாரமும் வைத்தேன். மற்ற குடும்பங்கள் கடைவீதிக்குப் போயின. அத்தை மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அத்த, அது கோயில் இல்ல, கோட்டை" என்றார் கணவர்.

"மேல யாரு இருக்கான்னு நீ பாத்தியா?"

"பாக்கல."

"அப்பறம் என்னா? நட."

பழைய ஊர் வழியாக நடந்து மலையடிவாரத்துக்குப் போனோம். வழி ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பெரிய மரம், அதைச் சுற்றி ஒரு மேடை. அத்தை அங்கே நின்று செருப்பைக் கழற்றினார். செட்டிகுளம் மலை முருகன் கோயிலுக்கு மாதம் தவறாமல் போகிறவர் அவர்.

"கழட்டுங்க."

"அத்த, இங்க யாரும் கழட்ட மாட்டாங்க" என்றேன்.

"செட்டிகுளத்துல செருப்போட மலை ஏறுவியா?"

"மாட்டேன்."

"இதும் மலதான?"

கணவர் அதற்குள் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அத்தை சொன்னால் அவர் செய்துவிடுவார், சிறு வயதில் அத்தை கையால் சாப்பிட்டு வளர்ந்தவர். நானும் கழற்றினேன். இனியாவின் காலில் கல் குத்துமோ, கண்ணாடித் துண்டு கிடக்குமோ என்று குனிந்து பாதையைத் தடவிப் பார்த்தேன்.

அடுத்து அத்தை கையை நீட்டினார். "அந்த அட்டையெல்லாம் குடு."

"எதுக்கு?"

"பையில வெச்சா புடுங்கிக்குவான்னு அந்தத் தம்பி மைக்குல சொன்னாருல்ல? செருப்புக்குள்ள எவன் கைய வுடுவான்?"

எங்கள் ஊரில் கோயிலுக்குப் போனால் வண்டிச் சாவியைச் செருப்புக்குள் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதனால் அந்த நிமிடம் எனக்கு அது நியாயமாகவே பட்டது. எங்கள் நான்கு பேரின் கப்பல் அட்டைகளும் கணவரின் வலது ஷூவுக்குள் போயின. மேலே அவருடைய சாக்ஸ். நான்கு ஜோடிகளையும் மரத்தடியில் வரிசையாக வைத்துவிட்டு ஏற ஆரம்பித்தோம்.

முதல் வளைவில் திரும்பிப் பார்த்தேன். நெட்டையாக ஒரு வயதான அம்மா, குட்டையாக ஒரு வயதான அம்மா, இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் எங்கள் செருப்பு வரிசையை நின்று பார்த்தார்கள். எங்களைப் பார்த்தார்கள். ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு இருவரும் மேடையில் உட்கார்ந்து தங்கள் ஷூக்களைக் கழற்றி எங்கள் வரிசையோடு சேர்த்து வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறி வந்தார்கள். அதுதான் அந்த மலையின் விதி போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். கீழே இறங்கி விளக்கம் சொல்லலாமா என்று யோசித்தேன். என் ஆங்கிலத்தில் அதை விளக்குவதைவிட அவர்கள் வெறுங்காலோடு நடப்பதே நல்லது என்று விட்டுவிட்டேன்.

கோட்டை பெரிதாகத்தான் இருந்தது. மதில், பீரங்கி, கீழே நீலமாகக் கடல், தீப்பெட்டி போல எங்கள் கப்பல். கணவர் படம் எடுத்துத் தள்ளினார். அத்தை எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்.

"என்னத்தத் தேடுறீங்க?"

"சமையக்கட்டு எங்க? இவ்ளோ ஒசரத்துல கட்டி வெச்சுருக்கானே, இவனுக்கு அரிசியும் வெறகும் யாரு தூக்கியாந்தது? சண்ட போட்டான், சண்ட போட்டான்னு எழுதி வெச்சுருக்கான். யாரு சோறாக்குனான்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா பாரு."

நான் ஆங்கிலப் பலகைகளை எல்லாம் படித்துப் பார்த்தேன். எழுதவில்லை.

முற்றத்தில் பைன் மர நிழலும், ஒரு குடிநீர்க் குழாயும் இருந்தன. அத்தையின் முகம் மலர்ந்தது. தோள் பையிலிருந்து ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு மூட்டை அவலையும், பாட்டிலில் புளிக்காய்ச்சலையும், வறுத்த நிலக்கடலையையும் எடுத்தார். அப்புறம் ஒரு தூக்குவாளி. அப்புறம் ஒரு கட்டுப் பாக்குமட்டைத் தட்டு. நான்கு பேருக்கு எதற்கு இத்தனை தட்டு என்று நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் அவலை ஊறவைத்துப் பிழிந்து, புளிக்காய்ச்சல் ஊற்றிப் பிசைந்தார். வாசனை மதில் வரைக்கும் போனது.

சுருட்டை முடியோடு ஒரு சின்னப் பெண் வந்து நின்று வேடிக்கை பார்த்தாள். இனியா வயதுதான் இருக்கும். அத்தை தரையைக் காட்டினார். "ஒக்காரு."

அவள் உட்கார்ந்தாள்.

தேடிக்கொண்டு வந்த அவள் அம்மா ஏதோ மன்னிப்புக் கேட்டாள். "நீயும் ஒக்காரு." அப்பா வந்தார். "அந்தாண்ட ஒக்காரு." பின்னாலேயே வெறுங்காலோடு மூச்சு வாங்கிக்கொண்டு நெட்டை அம்மாவும் குட்டை அம்மாவும் வந்து, இதுவும் இந்த மலையின் சடங்குதான் என்கிற நிச்சயத்தோடு வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். நடுவில் இடைவெளி விட்ட இரண்டு இளைஞர்களை அத்தை, "ஒட்டி ஒக்காரு, ஒட்டி ஒக்காரு" என்று முழங்காலால் நெருக்கினார்.

நான் அத்தையின் கையைப் பிடித்தேன். "அத்த, கடலை போட்டிருக்கீங்க! இங்க நிறையப் பேருக்குக் கடலை ஆகாது!"

"ஆகலன்னா பொறுக்கி வெச்சுடும்."

"அப்படி இல்லத்த, ஆஸ்பத்திரி வரைக்கும் போயிடும்!"

நான் வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொருவர் முன்பும் குனிந்து, கடலை, புளி, எண்ணெய் என்று ஆங்கிலத்தில் சொல்லி, கையால் தொண்டையைப் பிடித்துக் காட்டி, ஆகுமா ஆகாதா என்று கேட்டுக்கொண்டே போனேன். ஒரே ஒருவர் ஆகாது என்று தலையாட்டினார். அவருக்குச் சர்க்கரை போட்டுத் தனி அவல். அதற்குள் கோட்டைக் காவலர் ஒருவர் வேகமாக வந்தார். போச்சு, அபராதம், போலீஸ், பாஸ்போர்ட் என்று என் தலைக்குள் வரிசையாக ஓடியது. அவர் ஸ்பானிஷ் மொழியில் ஏதோ சொன்னார். அத்தை ஒரு தட்டை அவர் கையில் வைத்தார்.

"நின்னுகிட்டுத் திங்காத தம்பி. நெஞ்சடைக்கும்."

காவலர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வரிசையின் கடைசியில் குந்தினார்.

அப்போதுதான் இனியாவைக் காணோம் என்று கவனித்தேன். பதறித் திரும்பினால், அவள் சுருட்டை முடிப் பெண்ணுக்கும் குட்டை அம்மாவுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே தட்டு. கையால் அள்ளி, பக்கத்துப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். மறுபடி அள்ளினாள்.

கணவர் போனைத் தூக்கினார். "அசையாதீங்க" என்றேன். ஒரு பறவையைக் கலைத்துவிடக் கூடாது என்பது போல இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

தட்டு காலியானது. "அத்த, இன்னும்" என்றாள் என் மகள்.

என் வாழ்க்கையில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அந்த நேரம் பார்த்து என் பையில் மூன்றரை அலாரம் அடித்தது. அணைத்தேன். இன்னும் ஒரு வாய் சாப்பிடட்டும். மூன்றே முக்கால் அடித்தது. அணைத்தேன். நான் அப்படிச் செய்யக்கூடியவள் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். அவள் மூன்றாவது முறை வாங்கிக்கொண்டிருந்தபோது கீழே எங்கள் கப்பல் நீளமாக ஹாரன் அடித்தது. அத்தையின் கை தூக்குவாளியை மூடியது. நான் மணியைப் பார்த்தேன். நாலரை.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். நடந்து இறங்கினால் நேரமாகிவிடும், மலையைக் குடைந்து ஒரு லிப்ட் இருக்கிறது, நேராகக் கடற்கரையில் கொண்டுபோய் விடும் என்று காவலர் சைகையால் காட்டினார். பாய்ந்து ஏறினோம். கதவு மூடும்போது நெட்டை அம்மா எங்களை நோக்கிக் கையை ஆட்டி எதையோ கத்தினார். நாங்களும் கையாட்டினோம். எவ்வளவு பாசம் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லிப்டிலிருந்து வெளியே வந்து சாலையைக் கடக்கக் கால் வைத்தோம். வெயிலில் காய்ந்த தார். நான்கு பேரும் ஒரே நேரத்தில் துள்ளினோம். துள்ளிய பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

செருப்பு. மலைக்கு அந்தப் பக்கம். அதற்குள் அட்டை.

"நீ புள்ளையோட கேட்டுக்குப் போ, நான் ஓடிப்போயி எடுத்துட்டு வரேன்" என்று கணவர் மலையைச் சுற்றி வெறுங்காலோடு ஓடினார். நாங்கள் துறைமுக வாசலுக்குப் போனோம். காவலுக்கு நின்றவர் அட்டை கேட்டார். நான் என் பாதங்களைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. கப்பல் எங்களுக்கு நேரெதிரே, தொட்டுவிடும் தூரத்தில் நின்றது. அதில் எங்கள் துணிமணி, மருந்து, ஊருக்குத் திரும்பும் வழி எல்லாம் இருந்தன. போன் அடித்தது.

"செருப்பு இல்ல!" என்றார் கணவர், மூச்சிரைக்க.

"என்னங்க சொல்றீங்க?"

"மரம் இருக்கு, மேடை இருக்கு. ஒரு செருப்புகூட இல்ல."

இனியாவை இறுகப் பிடித்துக்கொண்டேன். மொழி தெரியாத ஊர், செருப்பில்லாத குழந்தை. எங்கே தூங்குவது, எந்த ஆபீஸுக்குப் போவது, மாமியாரிடம் என்ன சொல்வது? அன்று மதியம் அவள் மூன்று தட்டு சாப்பிட்டாளே, அதற்கு இதுதான் விலை என்றால் கொடுக்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

"அத்த, கப்பல் போயிடும் அத்த."

"எல்லாரும் ஏறாம எப்டிப் போவும்?" என்றார் அத்தை. பந்தியில் கடைசி ஆள் உட்காராமல் பரிமாறத் தொடங்கமாட்டார்கள் என்கிற அதே நம்பிக்கை.

அப்போது ஒரு டாக்ஸி வந்து நின்றது. முன்கதவிலிருந்து நெட்டை அம்மா, பின்கதவிலிருந்து குட்டை அம்மா. குட்டை அம்மாவின் கையில் ஒரு துணிப்பை. பைக்கு மேலே அத்தையின் ரப்பர் செருப்பு எட்டிப் பார்த்தது. தங்கள் ஷூவை எடுக்க அந்தப் பக்கமாகவே இறங்கியவர்கள் அவர்கள். எங்கள் செருப்புகள் அங்கேயே கிடப்பதைப் பார்த்து, எடுத்துத் தரலாம் என்று தூக்கியபோது கணவரின் ஷூவிலிருந்து அட்டைகள் கொட்டியிருக்கின்றன. அட்டையில் கப்பலின் பெயர். லிப்ட் கதவு மூடும்போது அந்த அம்மா கத்தியது பாசத்தில் அல்ல, எங்கள் காலைக் காட்டித்தான்.

நான் அவர்களைக் கட்டிப்பிடித்து அழுதேன். கணவரைப் போனில் கூப்பிட்டு, "டாக்ஸி புடிச்சு வாங்க, கெடைச்சுடுச்சு!" என்று கத்தினேன். கப்பல் இன்னொரு முறை ஹாரன் அடித்தது. அத்தை தூக்குவாளியை மூடினார், ஹாரன் நின்றதும் திறந்தார், அடியில் ஒட்டியிருந்த அவலை வழித்து இரண்டு தட்டில் வைத்தார்.

"அத்த, நேரமில்ல!"

"இதுங்க ரெண்டும் ரெண்டாந்தரம் வாங்கவே இல்லடி. நான் பாத்துகிட்டேதான் இருந்தேன்."

கணவர் வந்து குதித்தபோது, துறைமுக வாசலில், நடைபாதையில், இரண்டு வெள்ளைக்கார அம்மாக்கள் சம்மணம் போட்டுப் புளி அவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசல்காரர் நாங்கள் உள்ளே போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியாகக் கப்பல் ஏறிய குடும்பம் நாங்கள்தான். மேனேஜர் எங்களைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அத்தை அவரிடம், "சாப்டியாப்பா?" என்றார். அவர் சாப்பிட்டிருக்கவில்லை. எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று மத்தியானத்திலிருந்தே தலை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். அத்தை அவரை உணவுக்கூடத்துக்கு இழுத்துப் போய்விட்டார்.

அறைக்கு வந்து தூக்குவாளியைக் கழுவ எடுத்தேன். சுத்தமாக வழித்திருந்தது, ஒரு பருக்கை இல்லை. அப்போதுதான் உறைத்தது. அத்தனை பேருக்கும் பரிமாறினாரே, இவர் எப்போது சாப்பிட்டார்?

அத்தை திரும்பி வந்ததும் கேட்டேன். "அத்த, நீங்க ஒரு வாய்கூடச் சாப்பிடல."

"நீ மொதல்ல மூச்சு வுடு. காலைலேர்ந்து நீ மூச்சே வுடல" என்றார். அதோடு இனியாவின் பாதத்தைத் தூக்கிப் பார்த்து, தேங்காய் எண்ணெய் தடவ ஆரம்பித்துவிட்டார்.

இப்போது எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்கிறேன். இனியா சாப்பிடுகிறாள். ஆனால் தரையில், வரிசையில், பக்கத்தில் தெரியாத யாராவது உட்கார்ந்தால்தான். சிலிண்டர் போடும் தம்பி, கூரியர் கொண்டுவரும் பெண், கரண்டுக் கணக்கு எடுக்க வந்தவர், எல்லோரும் எங்கள் கூடத்தில் சாப்பிட்டிருக்கிறார்கள். இது நல்ல பழக்கமா, பின்னால் கஷ்டப்படுவாளா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டேன். எடை ஏறியிருக்கிறதே அம்மா, பிறகென்ன என்றார். ஆனாலும் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் குரும்பலூரிலிருந்து பஸ் ஏறி அத்தை வந்துவிடுவார். அன்று பந்தி பெரிது. போன வாரம் இனியா தன் பக்கத்தில் ஒரு தட்டைப் போட்டு, கையால் தரையைத் தட்டி, அத்தையின் குரலிலேயே, "ஒக்காரு" என்றாள்.

"எல்லாரும் ஆவட்டும் கண்ணு" என்றார் அத்தை, கரண்டியோடு நின்றபடியே.

எல்லோரும் ஆனது. தட்டு காலியாகவே கிடந்தது. அத்தை வாசலில் பால் அளக்க வந்தவரிடம், சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் விஷயத்தில்கூட நான் சமாளித்துக்கொள்வேன். எனக்கு உங்களிடமிருந்து வேண்டியது வேறு. எங்கள் அத்தை மாதிரி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். அவர் கையிலிருந்து கரண்டியை எப்படி வாங்கினீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். அந்தத் தட்டை நான் இன்னும் எடுத்து வைக்கவில்லை.